சீர்த்தட்டில் வந்த இரண்டு பேட்டரிகள்

கண்ணு,

இந்தக் கடிதத்தை உன் பெண்டாட்டி பக்கத்தில் இருக்கும்போதே பிரித்துப் படி. அவளுக்குத் தெரியாமல் படித்து மடித்து வைக்கிற சங்கதி இதில் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அவள்தான் முதலில் படிக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிங்மா, சரிங்மா, பாத்துக்கறனுங்மா" என்று முடித்துவிடுவாய். நீ அவசரமாகச் சரி சொல்லும்போதெல்லாம் ஏதோ சரியில்லை என்பது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். அதனால்தான் நம் பனியன் யூனிட்டில் வேலை கொஞ்சம் ஓய்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து, செக்கிங் டேபிளிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் கொச்சிக்கு விருந்துக்கு வருகிறார்கள். சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் உன் படகில் ஏற்றிக் காயலுக்குள் கூட்டிப்போகப் போகிறாய். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். சம்பந்திக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம், மாப்பிள்ளையிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வருகிறார். நம் ஊர்ப் பக்கம் பி.ஏ.பி. பாசன வாய்க்காலைத் தவிர வேறு தண்ணீரை யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர்களை நடுக்காயலில் நிறுத்திவைத்துப் பாட்டுப் போடுவாய். பாட்டு முடிந்த பிறகு அந்த எஞ்சின் திரும்பவும் கிளம்புமா? எனக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை. இது ஒன்றுதான்.

ஏற்கனவே ஒரு முறை கிளம்பவில்லை. கல்யாணத்துக்கு முன்பு நீயும் உன் சிநேகிதனும் மத்தியானம் முழுவதும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டே மிதந்தீர்கள். பொழுது சாயும்போது சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான் வந்தது. மீன் பிடிக்கிற ஒரு புண்ணியவான் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தார். இதை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காயலில் கப்பல் போகிறது என்று நீதானே சொன்னாய்? விளக்குகூட எரியாத ஒரு படகை இருட்டில் எந்தக் கப்பல்காரன் பார்ப்பான்? பேட்டரி தீர்ந்துபோச்சு, வேற மாத்திக்கறேன் என்று சாதாரணமாகச் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

முதலில் உனக்குப் படகை விற்றவன் மேல்தான் சந்தேகப்பட்டேன். வெளிநாடு போகிற அவசரத்தில் விற்கிறேன் என்றானாம். அவ்வளவு பெரிய ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கி வைத்தவன், அதற்குத் தீனி போட மட்டும் ஏன் அரைகுறையாக ஏதோ வைத்திருந்தான்? ஆனால் உன் தப்பும் இருக்கிறது. அந்தப் படகில் இரண்டு பேட்டரி, நடுவில் ஒரு திருகு ஸ்விட்ச். ஒன்று, இரண்டு, இரண்டும் சேர்த்து, ஆஃப் என்று அதில் எழுதியிருக்கிறது. நீ அதை 'இரண்டும் சேர்த்து' என்பதில் வைத்துவிட்டுத் தொடவே இல்லை. பாட்டு இரண்டையும் சேர்த்துக் குடித்துவிட்டது. சாவி திருப்பும்போது எஞ்சினுக்கு ஒரு வாய்கூட மிச்சமில்லை. பாட்டுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று என்று பிரித்து வைக்கத்தானே அந்த ஸ்விட்ச் இருக்கிறது? சட்டினி அரைக்க மிக்ஸி போட்டால் ஊடு பூராவும் இருட்டாகிறது என்றால் வயரிங்கைப் பார்ப்போமா, சட்டினியைக் குறை சொல்வோமா?

பிறகு நானும் உன் அப்பாவும் கொச்சிக்கு வந்தோம், ஞாபகம் இருக்கிறதா? நீ கூட்டிப்போன பேட்டரிக் கடையில் இருந்தவர் என்னை ஒரு சேலை கட்டிய வாடிக்கையாளராக மட்டும்தான் பார்த்தார். "அம்மா, இது டூ இன் ஒன். எஞ்சினுக்கும் ஆகும், மியூசிக்குக்கும் ஆகும்" என்றார். எதற்கும் ஆகும் என்று சொல்லி விற்கிற சாமான் எதற்கு ஆகாது என்று நான் கேட்டேன். நீ என் முழங்கையைக் கிள்ளினாய். நான் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்ததும் உனக்கு மானம் போய்விட்டது. நமக்குத் தெரியாதா கண்ணு? பனியன் தைத்து, செக் பண்ணி, அயர்ன் போட்டு, கடைசியாகத்தானே லேபிள் ஏறுகிறது. ஒரே துணி, ஒரே தையல், காலையில் ஒரு பேர், மத்தியானம் ஒரு பேர். லேபிள் தைத்தே சோறு சாப்பிடுகிற குடும்பம் நம்முடையது. நாம் போய் லேபிளை நம்பினால் உலகத்தில் யார்தான் சந்தேகப்படுவார்கள்? பெட்டியின் பிளாஸ்டிக்கிலேயே குத்தியிருக்கிற தேதியைக் காட்டுங்கள் என்றேன். அது ரொம்ப நாளாக அலமாரியில் சும்மா கிடந்த சரக்கு. பேட்டரி சும்மா கிடந்தாலே உள்ளுக்குள் கெட்டுப்போகும். வாங்காமல் எழுந்து வந்தேன்.

அப்போதுதான் என் தம்பி, உன் மாமன், குறுக்கே வந்தான். உடுமலையில் டிராக்டருக்கும் தோட்டத்து ஜெனரேட்டருக்கும் பேட்டரி விற்கிறவன், சொந்த மருமகனுக்கு வேறு கடையில் வாங்கவிடுவானா? ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நான் கீறிப் பார்ப்பேன் என்று அவனுக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் மேளம் முன்னால் வர, மாமன் சீர் உள்ளே வந்தது. பட்டு, வேட்டி, பழம், தேங்காய் எல்லாம் வந்தது. அதற்குப் பின்னால் இரண்டு பெரிய தாம்பாளம், தட்டுக்கு இரண்டு ஆள் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பேட்டரி, மஞ்சள் குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. மண்டபமே சிரித்தது, போட்டோகாரர் ஓடிவந்து படம் எடுத்தார். உன் மாமன் என்னைப் பார்த்து, "ஏனுங்கக்கா, சீர் புடிச்சிருக்குதுங்களா?" என்றான். நான் என்ன சொல்ல முடியும்? சபையில் வைத்த சீரை யாராவது திருப்பிப் பார்ப்பார்களா? தேதி எங்கே குத்தியிருக்கிறது என்று தேட முடியுமா? மல்லிகைச் சரத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் செக் பண்ணாமல் வாங்கிய முதல் சாமான் அதுதான்.

எனக்கும் உன் மாமனுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு, அது உனக்கும் தெரியும். கரண்ட் அடிக்கடி போய்க்கொண்டிருந்த காலத்தில் யூனிட் இன்வெர்ட்டருக்கு அவனிடம்தான் பேட்டரி வாங்கினேன். தையல்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஸ்டிக்கரைக் கீறினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது. அவனுக்குச் சரக்கு கொடுத்தவன்தான் ஏமாற்றியிருக்கிறான், இவனுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அவன் முகம் செத்துப்போனது. வெளியே போய் வண்டியை எடுத்தவன், அந்த வருடம் பொங்கலுக்கு நம் ஊட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் கீறியது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். கீறாமல் விட்டிருந்தால் யூனிட் இருட்டில் கிடந்திருக்கும். அன்று நீ ஒரு மூலையில் நின்று மாமன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன்.

சரி, இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். சீரில் வந்த பேட்டரிகளை நீ படகில் மாட்டிவிட்டாய் என்று தெரிந்ததும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். சாம்பிள் அப்ரூவல் இல்லாமல் நாம் மொத்த ஆர்டரைத் தைக்க ஆரம்பிக்கிறோமா? துவைத்துப் பார்க்காமல் ஒரு கலரை ஓகே சொல்கிறோமா? அதே மாதிரி, படகைக் கரையில் கட்டிவைத்து, எஞ்சினை நிறுத்தி, நீங்கள் வழக்கமாகக் கேட்கிற நேரம் முழுவதும் பாட்டை ஓடவிடு. பிறகு சாவியைத் திருப்பு. அதை வீடியோ எடுத்து அனுப்பு என்றேன். "சரிங்மா, சரிங்மா" என்றாய். மறுநாளே வீடியோ வந்தது. பாட்டு ஓடுகிறது, நீ கையை ஆட்டுகிறாய், பாட்டை நிறுத்துகிறாய், சாவியைத் திருப்புகிறாய், எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்புகிறது. உன் அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம். "பையன்தான் அனுப்பிட்டானே, உடு" என்றார்.

நான் விடவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே செக்கிங்கில்தான் கண்ணு. விளக்குக்குக் கீழே பனியனை விரித்துப்போட்டு, ஊசி விழுந்த கோடும் எண்ணெய்க் கறையும் தேடித் தேடியே பழகின கண் இது. முதல் தடவை உன் முகத்தைப் பார்த்தேன். எஞ்சின் கிளம்பியதும் உனக்கு ஆச்சரியமே இல்லை, கிளம்பும் என்று முன்பே தெரிந்தவன் மாதிரி இருந்தாய். அடுத்த தடவை உன் முகத்தை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்த்தேன். உன் காலுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் வயர். பேட்டரிப் பெட்டியிலிருந்து கிளம்பி, படகின் விளிம்பில் ஏறி, கரையிலிருக்கிற கரண்ட் பெட்டிக்குப் போகிறது. பாட்டு ஓடுகிற நேரமெல்லாம் கரையிலிருந்து சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. பரீட்சை ஹாலில் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதியிருக்கிறாய்.

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று எழுதினால் இந்தக் காகிதம் பத்தாது. பெற்றவளையே ஏமாற்றுகிறானே என்று முதலில் தோன்றியது. கொஞ்சம் ஆறிய பிறகு வேறு சந்தேகம் வந்தது. பொய்ச் சோதனை காட்டுகிறவன் முதலில் உண்மைச் சோதனை செய்து பார்த்திருப்பான். வயர் இல்லாமல் நீ முயன்றிருக்கிறாய், எஞ்சின் கிளம்பவில்லை. அதை என்னிடம் சொன்னால் நான் நேரே உடுமலைக்குப் போய் உன் மாமன் கடை வாசலில் நின்று கத்துவேன் என்று பயந்திருக்கிறாய். கல்யாண வீட்டுச் சந்தோஷம் ஆறுவதற்குள் அக்காவும் தம்பியும் மறுபடி முகம் திருப்பிக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் மறைத்தாய். சரியா? இல்லை என்று சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை எப்படிச் சமாளிப்பதாக இருந்தாய்? எஞ்சினை நிறுத்தாமலேயே ஓட்டிவிடலாம் என்றா? தண்ணீருக்கு நடுவில் சம்பந்தி "மாப்ள, சத்தத்த நிறுத்திப்போட்டு அந்தப் பாட்டப் போடுங்க" என்று கேட்டால் என்ன செய்வாய்?

ஆக, நீ பயந்தபடியே நான் உடுமலைக்குப் போனேன். வழியெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளை மனசுக்குள் கூர் தீட்டிக்கொண்டே போனேன். கடையில் உன் மாமன் ஒரு டிராக்டருக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தான். அந்த டிராக்டரில் நம் ஊர் வழக்கப்படி ஆளுயர ஸ்பீக்கர். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"ஏனுங்கக்கா, இந்த வெயில்ல வந்திருக்கறீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனே."

"தம்பி, படகுல பாட்டு எப்பப் போடுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"எப்பங்க போடுவாங்க? ஓட்டும்போதுதான்."

"இல்ல சாமி. எஞ்சின நிறுத்திப்போட்டு, சும்மா மெதந்துட்டே கேப்பாங்க."

அவன் அந்த டிராக்டரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "நின்னுட்டே கேப்பாங்களா?" என்றான். "நம்ம பக்கம் வண்டியில பாட்டு ஓடுச்சுன்னா எஞ்சினும் ஓடிட்டேதானுங்க இருக்கும். பாட்டு எடுக்க எடுக்கச் சார்ஜ் ஏறிட்டே இருக்கும். அதே கணக்குலதானுங்க குடுத்தேன். ரெண்டுமே ஸ்டார்ட்டிங் பேட்டரிங்க்கா. ஒரே உதையில எஞ்சினக் கெளப்பிரும். ஆனா நேரம் பூராக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கறதுக்கு ஆகாது. அடி வரைக்கும் எறங்கி எறங்கி ஏறுனா சீக்கிரம் செத்துப்போகும்."

பார்த்தாயா, இரண்டும் புதுச் சரக்குதான். ஏமாற்று வேலை எதுவும் இல்லை. டிராக்டரைத் தவிர வேறு எதிலும் பாட்டுக் கேட்காத ஊர்க்காரன் செய்கிற தப்பு அது. நாங்கள் எல்லோரும் செய்திருப்போம். கூர் தீட்டிக்கொண்டு போன கேள்வியெல்லாம் எனக்கு வீணாகப் போனது. ஆனாலும் வீடியோவைக் காட்டாமல் வர எனக்கு மனசில்லை. காட்டினேன். அவன் தொழில்காரன் அல்லவா, வயரை என்னைவிடச் சீக்கிரம் பார்த்துவிட்டான்.

"இதென்னுங்க, கரையிலிருந்து சார்ஜ் ஏறுது?" என்றவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். "அவன் எனக்காவ இப்பிடிப் பண்ணீருக்கறானாக்கா? உங்ககிட்ட என்னயக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு?" அவனுக்குக் குரல் உடைந்தது. கடைக்கு வந்தவர்கள் பார்க்கிறார்கள் என்று துண்டை எடுத்து வேர்வை துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்தான். உன்மேல் அவ்வளவு கோபத்தோடு போனவளுக்கு அந்த இடத்தில் உன்னை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. அதற்காக நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. மாமன் மானத்தைக் காப்பாற்றச் சம்பந்தி உயிரை அடகு வைக்கக் கூடாது.

ஒரு பேட்டரியை மாற்றிக்கொடு என்று நான் கேட்டபோது அவன் முதலில் மறுத்தான். "சீராக் குடுத்தத எப்பிடிங்க திருப்பி வாங்கறது? ஊரு சிரிக்குமுங்க" என்றான். "மாப்பிள்ளைக்கு எடுத்த சட்டை சைஸ் பத்தலைன்னா மாத்திக் குடுக்கறமில்ல? அப்ப எந்த ஊரு சிரிச்சுது?" என்றேன். உடனே போனை எடுத்து ஆர்டர் போட்டான். ஒன்று படகிலேயே இருக்கட்டும், அது எஞ்சினுக்கு. இன்னொன்றுக்குப் பதிலாக, மெதுவாக நெடுநேரம் கொடுக்கிற ஜாதியில், தண்ணீர் ஊற்ற வேண்டாத, படகு சாய்ந்தாலும் சிந்தாத ஒன்றை வரவழைத்திருக்கிறான். அது பாட்டுக்கு மட்டும். வந்ததும் எனக்குப் போன் செய்து வரச் சொன்னான். தேதி குத்திய பக்கத்தை என் பக்கமாகத் திருப்பிவைத்து, மீட்டர் போட்டுக் காட்டி, கடையில் ஆள் இருக்கும்போதே, "கீறிப் பாருங்கக்கா" என்றான். நீயாக இருந்தால் வேண்டாம் மாமா என்று சொல்லியிருப்பாய். நான் கீறிப் பார்த்தேன். ஒரே ஸ்டிக்கர்தான். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன்.

ஆனால் இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதே. அந்தத் திருகு ஸ்விட்ச்சை 'இரண்டும் சேர்த்து' என்பதில் வைத்துவிட்டு மறந்தாயானால் எந்த ஜாதிப் பேட்டரியும் உன்னைக் காப்பாற்றாது. எஞ்சின் நிற்கும்போது பாட்டுப் பேட்டரிக்கு மாற்று, சாவியைத் திருப்பும் முன் எஞ்சின் பேட்டரிக்கு மாற்று. எஞ்சின் ஓடும்போது அந்த ஸ்விட்ச்சை ஒருபோதும் முழுதாக ஆஃப் செய்யாதே, சார்ஜ் ஏற்றுகிற பாகம் புகைந்துவிடும் என்று உன் மாமன் சொல்லச் சொன்னான். பேட்டரி இரண்டையும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டு, தண்ணீரில் குதிக்கிற வண்டி அது. இப்போது ஜாதி இரண்டு, ஆகவே உன் பழைய சார்ஜர் இரண்டுக்கும் பொருந்துமா என்று கேள். கடைக்காரர் பொருந்தும் என்று சொன்னால் எழுதியிருக்கிற இடத்தைக் காட்டச் சொல். உனக்கு வெட்கமாக இருந்தால் உன் பெண்டாட்டியைக் கேட்கச் சொல். அவள் கல்யாணத்தன்று தாலிக்கொடியின் கொக்கியை இழுத்துப் பார்த்ததை நான் கவனித்தேன். அவள் நம் ஊட்டுக்குத் தகுந்த பெண்.

சம்பந்தி வருவது ஞாயிறு. நானும் உன் மாமனும் சனிக்கிழமை காலையிலேயே புதுப் பேட்டரியோடு வந்துவிடுவோம். அப்பா யூனிட்டைப் பார்த்துக்கொள்வார், அவர் வந்தால் எல்லாவற்றுக்கும் நன்றாயிருக்கிறது என்பார். மாமனே கையால் மாட்டட்டும். அந்த மஞ்சள் வயரைக் கழற்றிச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் படகில் ஏறு. நானும் ஏறப்போகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது, உன் மாமனுக்கும் தெரியாது, அதனால் போட்டுக்கொள்கிற மிதவைச் சட்டை இரண்டு எடுத்து வை. சைஸ் பார்த்து எடு. நடுக்காயலுக்குப் போய் எஞ்சினை நிறுத்து. பாட்டை உன் மாமன் சொல்லட்டும், அவன் ஆசை தீர ஓடட்டும். பாட்டு முடிந்ததும் நீ சாவியைத் தொடாதே, அவனையே திருப்பச் சொல். இந்தத் தடவை கோபித்துக்கொண்டு எழுந்து போவதற்கு அவனுக்கும் இடமில்லை, எனக்கும் இடமில்லை.

அன்று உன்னை இழுத்துவந்த மீன்காரரிடம் மட்டும் சொல்லிவை. கொஞ்ச தூரத்தில், நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்கட்டும். கயிறு நான் கொண்டுவருகிறேன்.

உன் அம்மா